சதை நிறம், உலோக மினுக்கம்: குட்டிப் பொம்மைகளின் மேல் பூசப்பட்ட வரலாறு

1

ஐரோப்பிய ஓவிய மரபின் பழைய சர்ச்சைகள் இன்றைக்கு எங்கே உயிரோடு இருக்கின்றன என்று கேட்டால், அருங்காட்சியகத்தையோ பல்கலைக்கழகத்தையோ கைகாட்டுவோம். பொம்மைக் கடையைக் கைகாட்ட யாருக்கும் தோன்றாது. ஆனால் இரண்டு கேள்விகள் அங்கேதான் இன்னும் சூடு ஆறாமல் கிடக்கின்றன. மனிதச் சதையை எந்த நிறத்தில் பூசுவது? உலோகத்தை உலோகத்தைக் கொண்டே பூசுவதா, வெறும் நிறத்தைக் கொண்டு பூசுவதா?

நான் பேசுவது கட்டைவிரலின் மேல்கணு அளவே உள்ள, சுமார் 28 மில்லிமீட்டர் உயரமான மாயாஜாலப் போர்வீரர் பொம்மைகளைப் பற்றி. 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டு வெளிவந்தது. 1975-இல் லண்டனில் 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' தொடங்கியது; 1970-களின் கடைசியில் அதன் துணையாக 'சிட்டாடல் மினியேச்சர்ஸ்' வந்தது. 1983-இல் 'வார்ஹாமர்', 1987-இல் 'வார்ஹாமர் 40,000'. எல்ஃபுகள், குள்ளர்கள், ஓர்க்குகள், கவசமணிந்த வீரர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் ஈயத்திலும் பிளாஸ்டிக்கிலும் வார்க்கப்பட்டது. பொம்மை நிறமில்லாமல்தான் கைக்கு வரும். வாங்கினவர்தான் தூரிகையை எடுத்துப் பூச வேண்டும். பூசுவதற்கென்று தனிப் போட்டியும் ('கோல்டன் டீமன்', 1987 முதல்) உண்டு.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நமக்கென்ன வந்தது என்று ஒதுக்கிவிடலாமா? பொம்மை என்பது பெரியவர்களின் உலகத்தைச் சின்னதாக்கிக் குழந்தையின் கையில் கொடுத்து, அதை இயற்கை என்று நம்பவைக்கும் காரியம் என்பதை ரோலான் பார்த் 1957-இலேயே சொல்லிவிட்டார். இங்கே கையில் கொடுக்கப்படுவது பொம்மை மட்டுமில்லை. 'சதை' என்று பேர் ஒட்டிய ஒரு குப்பி நிறமும் கூடவே வருகிறது. பேர் ஒட்டியவன் யார், யாருடைய சதை அது என்பதுதான் விஷயம்.

2

சதை நிறம் என்பது கண்ணால் பார்த்து எடுத்துக்கொண்ட ஒன்றல்ல; ஒரு சமையல் குறிப்பு. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற பேரில் ஒரு துறவி எழுதிய தொழில்நுட்ப நூலின் முதல் அத்தியாயமே இதுதான். ஈயவெள்ளையைச் சுட்டு, சுடாத ஈயவெள்ளையோடு சேர்த்து, சாதிலிங்கம் கலந்தால் சதை. பிறகு அதற்கான நிழல், கன்னத்துச் சிவப்பு, அதன் மேல் ஒளி, திரும்ப இன்னொரு நிழல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இன்றைக்குப் பொம்மை பூசுகிறவர் அடிநிறம், 'வாஷ்', அடுக்கு, ஒளித்தீற்று என்று செய்கிற வரிசையும் ஏறத்தாழ இதுவே. தொள்ளாயிரம் வருஷமாக அந்தச் சூத்திரம் கைமாறி வந்திருக்கிறது.

1400-ஐ ஒட்டி இத்தாலியில் சென்னினோ சென்னினி எழுதிய கைநூல் இன்னும் சுவாரசியமானது. முகம் வரைய முதலில் பச்சை மண்ணைப் பூசச் சொல்கிறார். அதன் மேல் மூன்று படிகளில் இளஞ்சிவப்பு. அடியிலுள்ள பச்சை, மேலே வரும் சிவப்பைச் சமன்செய்து, நிழலுக்குக் குளிர்ச்சி தந்து, ரத்தம் ஓடுகிற சதை என்ற பிரமையை உண்டாக்குகிறது. நிறத்தைக் குழைக்க முட்டை மஞ்சள்கரு வேண்டும். அங்கேயும் ஒரு பாகுபாடு: இளையவர்களின் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய மஞ்சள்கரு, கிழவர்களுக்கும் கறுத்தவர்களுக்கும் கிராமத்துக் கோழியின் சிவந்த மஞ்சள்கரு. நிறம், வயது, ஊர் மூன்றும் ஒரே கிண்ணத்தில் கலக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பம் என்று நாம் பேசுவது ஒருநாளும் வெறும் தொழில்நுட்பமாக இருந்ததில்லை.

நூற்றாண்டுகள் கழித்து மேற்பூச்சு தேய்ந்துபோன சியன்னா நகரத்துப் பழைய மரியன்னை ஓவியங்களில் முகம் பச்சையாகத் தெரிகிறது. தேவமாதாவின் வெண்மைக்கு அடியில் பச்சை. இந்தப் பச்சையை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வேறொரு முகத்தில் இது திரும்ப வரும்.

3

குட்டிப் போர்வீரர்களின் கதை தனி. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரெம்பர்க் பகுதியில் தட்டையான ஈயப் பொம்மைகள் சந்தைக்கு வந்தன. பூச்சு வேலை வீட்டுக்கூலிக்கு விடப்பட்டது. பூசினவர்களில் பெருவாரி பெண்களும் குழந்தைகளும். இங்கிலாந்தில் 1893-இல் 'பிரிட்டன்ஸ்' கம்பெனி உள்ளே கூடாக இருக்கும்படி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தது. ஈயம் மிச்சம், விலை மலிவு. அங்கேயும் தூரிகை பிடித்தது பெரும்பாலும் பெண்கள் கை. விளையாடியது பையன்கள். பையனின் சாம்ராஜ்யத்துக்குப் பெண்ணின் கூலி உழைப்பு நிறம் கொடுத்தது என்பதை எந்த விலைப்பட்டியலும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பட்டியலில் சூலுக்கள் உண்டு, வங்காளக் குதிரைப்படை உண்டு. 67-ஆம் எண் பெட்டியில் இருந்தது யார் தெரியுமா? 'முதலாவது மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி'. நம்ம ஆட்கள்தான். ஏகாதிபத்தியம் தன் சிப்பாய்களைப் பெட்டியில் அடைத்துத் தன் பிள்ளைகளுக்கு விற்றது.

உற்பத்தி முறையைக் கவனித்தால் ஒன்று புரியும். ஒரே உடல் அச்சைப் பல படைகளுக்குப் பயன்படுத்துவது அந்தக் கம்பெனியின் வழக்கம். தலையை மாற்றி, சட்டையை மாற்றி, முகத்தின் நிறத்தை மாற்றினால் வேறு ஜனம் ஆகிவிடும். பூச்சுக்காரியின் முன்னால் இருந்த குப்பிகள்தான் இனத்தைத் தீர்மானித்தன. உடலில் இல்லாத வித்தியாசத்தைப் பூச்சு உண்டாக்குகிறது. உண்டான பிறகு அது உடலிலேயே இருந்ததாகப் பேசப்படுகிறது. இனம் என்ற சொல்லாடல் இயங்குகிற விதத்தை இவ்வளவு பச்சையாகக் காட்டுகிற பொருள் வேறு கிடைக்காது.

4

1980-களில் சிட்டாடல் விற்ற நிறங்களுக்கு 'எல்ஃப் ஃப்ளெஷ்', 'டுவார்ஃப் ஃப்ளெஷ்', 'பிரான்ஸ்டு ஃப்ளெஷ்' என்றெல்லாம் பேர். எல்ஃபின் சதை வெளிறிய வெள்ளை. குள்ளனின் சதை வெயிலில் சிவந்த வெள்ளை. மூன்றாவது, வெயிலில் காய்ந்த வெள்ளை. இவற்றுக்குத்தான் சதை என்று பேர். கறுத்த தோல் வேண்டுமென்றால் மரத்துக்கும் தோல்வாருக்கும் என்று வாங்கிய பழுப்பை எடுத்துக் கலந்துகொள்ள வேண்டியதுதான். பேர் உள்ளவன் மையம். பேர் இல்லாதவன் விளிம்பு. 2012-இல் நிறங்களின் பேர்கள் ஒட்டுமொத்தமாக மாற்றப்பட்டன. எல்ஃபின் இடத்தில் கிஸ்லெவ் என்ற கற்பனை நாட்டின் பேர் வந்தது. பேரில் ஊர் மாறியதே தவிர 'ஃப்ளெஷ்' மாறவில்லை.

இது ஒரு கம்பெனியின் கோளாறு இல்லை. கிரயோலா கம்பெனியின் மெழுகு வண்ணங்களில் 'ஃப்ளெஷ்' என்று இருந்தது 1962-இல்தான் 'பீச்' ஆனது. அமெரிக்கச் சிவில் உரிமைப் போராட்டம் தெருவில் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதே கம்பெனி உலகத்துத் தோல் நிறங்கள் என்று ஒரு பெட்டி போட்டது 2020-இல். நம் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள், தன் கையைவிட ஐந்து பங்கு வெளுத்த ஒரு குச்சியை 'ஸ்கின் கலர்' என்று கேட்டு வாங்கியதை யோசித்துப் பார்த்தால், இந்த அரசியல் எவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

பேரோடு நின்றால் பரவாயில்லை. செய்முறைக்குள்ளேயே அது புகுந்துகொண்டது. ஆரம்பக்காரருக்குச் சொல்லித்தரப்படுகிற பாடம்: அடிநிறம் பூசு, பள்ளங்களில் பழுப்பு 'வாஷ்' ஓடவிடு, மேடுகளில் அடிநிறத்தோடு வெள்ளை கலந்து ஏற்று. வெளுத்த தோலிலேயே இது சரிவராது. வெள்ளை கூடக்கூடச் சதை சுண்ணாம்பாகிவிடும். அனுபவசாலிகள் வெள்ளைக்குப் பதிலாக எலும்பு நிறம், மஞ்சள் காவி சேர்ப்பார்கள். நிழலுக்குக் கறுப்பு சேர்க்காமல் ஊதாவோ பச்சையோ நீர்க்கக் கரைத்துப் படியவிடுவார்கள். மூக்கு நுனி, கன்னம், கீழுதடு, விரல் கணுக்களில் சிவப்பு. சவரம் செய்த தாடையில் நீலச் சாம்பல். சென்னினியின் பாடம்தான், அக்ரிலிக்கில்.

அதே பாடத்தைக் கறுத்த தோலுக்குப் பிரயோகித்தால் என்னாகும்? பழுப்பில் வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூத்த, உயிரில்லாத முகம் வரும். உடனே, 'கறுப்புத் தோல் பூசறது கஷ்டம்' என்று ஒரு தீர்ப்பும் வந்துவிடும். கஷ்டம் தோலில் இல்லை, சூத்திரத்தில் இருக்கிறது.

இதன் பௌதிகம் எளிமையானது. தோலின் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கு வாக்கில் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். எந்த மனிதத் தோலுக்கும் இந்தக் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். மீதி உள்ளே போய், மெலனினிலும் ரத்தத்திலும் கொஞ்சம் தொலைத்துவிட்டு, சிதறி வெளியே வரும். வெளுத்த தோலில் இந்த உள்ளொளி அதிகம். அதனால் மேற்பரப்பின் பளபளப்பு அதில் கரைந்துவிடுகிறது. கறுத்த தோலில் உள்ளொளி குறைவு. எனவே மேற்பரப்பின் பளபளப்பு கூர்மையாகத் தெரிகிறது. அப்படியென்றால் கறுத்த தோலைப் பூசும்போது முகம் முழுவதையும் வெளுக்க வைக்கக்கூடாது. ஆழமான செம்பழுப்பை அடியாக வைத்து, நிழலை நீலமும் ஊதாவும் கலந்த கறுப்புக்கு இறக்கி, நடுத்தொனியில் ஆரஞ்சோ சிவப்போ மெல்லிய 'கிளேஸா'க ஏற்றி, நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் கன்ன எலும்பிலும் மட்டும் சின்னதாக, கூர்மையாக, சுற்றியுள்ள ஒளியின் நிறத்திலேயே (வானத்து நீலச் சாம்பல் என்றால் அதிலேயே) ஒளித்தீற்று வைக்க வேண்டும். நல்ல பூச்சுக்காரர்கள் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆக, ஒளி என்றால் வெள்ளை, ஏற்றம் என்றால் வெளுப்பு என்ற சமன்பாடு பௌதிகம் இல்லை. ஒரு குறிப்பிட்ட தோலின் அனுபவத்தைப் பொதுவிதியாக்கிய காரியம். மேற்கத்திய அறிவின் உலகப்பொதுமை என்று நாம் பெரிய பெரிய நூல்களில் விமர்சிக்கிற அதே காரியம், ஒரு சொட்டு நிறத்தில்.

5

இனிப் பச்சை. டோல்கீன் 1958-இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஓர்க்குகளின் உருவத்தை விவரிக்கும்போது, ஐரோப்பியக் கண்ணுக்கு அழகில்லாத மங்கோலியச் சாயலின் சீரழிந்த வடிவம் என்கிற பொருளில் எழுதுகிறார். மறைப்பே இல்லை. கறுப்பினத் தத்துவவாதி சார்லஸ் மில்ஸ், டோல்கீனின் உலகத்தை ஓர்க்குகளின் பக்கம் நின்று வாசித்து, இனப் படிநிலையின் புராணம் அது என்று காட்டிய கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 2022-இல்தான் அச்சேறியது. அதன் தலைப்பிலேயே ஃபனான் இருக்கிறார், மார்க்ஸும் இருக்கிறார்.

வார்ஹாமர் ஓர்க்குகளைப் பச்சை ஆக்கியது. 'பச்சைத்தோலர்கள்' என்றே பேர். இது ஒரு சாமர்த்தியமான தப்பித்தல். எந்த மனிதனும் பச்சை இல்லை. எனவே யாரையும் குறிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு ஜனத்தையே அதன் தோலை வைத்து, பிறவியிலேயே கொல்லத்தக்கது என்று ஆக்கும் தர்க்கம் அப்படியே இருக்கிறது. உள்ளடக்கம் மாறியது, அமைப்பு மாறவில்லை. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அந்த மறைப்பையும் போடவில்லை. 1978-இன் சாகசப் புத்தகங்களில் வந்த 'டிரோ' என்ற எல்ஃபுகள் கறுத்த தோலுடையவர்கள், கொடியவர்கள். பிறப்பும் நிறமும் குணமும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதை வேற்றுக்கிரக விஷயமாகப் பார்க்க நம்மால் முடியுமா? வருணம் என்ற சொல்லுக்கே நிறம் என்று அர்த்தம் இருக்கிற நாட்டில் இருந்துகொண்டு?

2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்ட அலையில், அந்த விளையாட்டை வெளியிடும் கம்பெனி ஓர்க்குகளையும் டிரோக்களையும் மற்ற ஜனங்களைப் போலவே நன்மை தீமை இரண்டும் உள்ளவர்களாகக் காட்டப்போவதாக அறிவித்தது. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் தன் விளையாட்டு எல்லோருக்குமானது என்று அறிக்கை விட்டது. 2024-இன் விதிநூலில் 'இனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு உயிரினவகை என்ற பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். சந்தையின் கணக்கு இதில் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தெருவில் ஜனம் இறங்காமல் இந்தக் கணக்கும் மாறியிருக்காது.

சென்னினியின் பச்சை மண்ணை இப்போது எடுத்துப் பார்க்கலாம். ஓர்க்கின் மேல் தெரியும் பச்சை, தேவமாதாவின் முகத்துக்கு அடியில் ஏற்கெனவே இருந்ததுதான். வெண்மை தன்னை வெண்மையாகக் காட்டிக்கொள்ள அந்தப் பச்சையைச் சார்ந்திருந்தது. பிறகு அதையே அந்நியன் என்று வெளியே நிறுத்தியது. 'மற்றது' வெளியே இருப்பதில்லை, சுயத்துக்கு அடிப்பூச்சாக இருக்கிறது என்பதைத் தத்துவம் பேசித்தான் நிறுவ வேண்டும் என்றில்லை. தேய்ந்துபோன ஒரு முகமே போதும்.

6

உலோகத்தின் கதைக்கு வருவோம். தோல் ஒளியை உள்ளே விட்டு வெளியே அனுப்புவது. உலோகம் ஒளியை உள்ளே விடாதது. அதன் நிறம் அதன் பிரதிபலிப்பிலேயே இருக்கிறது. எனவே தங்கத்தின் பளபளப்பு மஞ்சள். இரும்பின் பளபளப்பு வானமும் தரையும். இதைக் குட்டிக் கவசத்தில் எப்படிக் கொண்டுவருவது?

ஒரு வழி, உலோகத் துகள் கலந்த பூச்சு. கறுப்பு அடிப்பூச்சின் மேல் பூசி, பள்ளங்களில் கறுப்பும் பழுப்பும் கலந்த 'வாஷ்' ஓடவிட்டு, விளிம்புகளில் வெள்ளியைத் தொட்டு இழுப்பது. தேர்ந்தவர்கள் நிழல் பகுதிகளை மங்கலான நிறத்தால் அமுக்கி, ஒளி விழும் இடத்தில் மட்டும் துகளை மினுங்க விடுவார்கள். மேலே மங்கல் வார்னிஷ் அடித்தால் மினுக்கம் செத்துவிடும். இன்னொரு வழி, ஒரு துகளும் இல்லாமல் தங்கத்தை அடர்பழுப்பு, காவி, மஞ்சள், வெள்ளை என்ற படிகளாலும், எஃகை நீலக்கறுப்பிலிருந்து தூய வெள்ளை வரை போகும் சாம்பல்களாலும் வரைவது. 1997-இல் தொடங்கி 2010-இல் மூடப்பட்ட 'ராக்கம்' என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் ஓவியர்கள் இந்த 'உலோகமில்லா உலோக' முறையை ஊரறியச் செய்தார்கள். எது உசத்தி என்று பூச்சுக்காரர்களுக்குள் ஓயாத சண்டை.

சண்டை புதுசில்லை. 1435-இல் ஓவியம் பற்றி எழுதிய அல்பெர்த்தி, தங்க ரேக்கை ஒட்டுகிறவர்களை மெச்சவில்லை. அரசி டைடோவின் அம்பறாத்தூணி தங்கமாகவே இருந்தாலும் அதன் ஒளியை நிறத்தால் காட்டுகிறவனுக்கே மதிப்பு என்றார். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஒப்பந்தங்களைப் படித்த மைக்கேல் பாக்ஸண்டால் 1972-இல் காட்டியது இதன் பொருளாதாரத்தை: ஆரம்பத்தில் எவ்வளவு தங்கம், எவ்வளவு உயர்ந்த நீலம் என்று கறாராகப் பேசிய புரவலர்கள், நூற்றாண்டு போகப்போகப் பொருளைவிட ஓவியனின் கைத்திறனுக்குப் பணம் தரத் தொடங்கினார்கள். மதிப்பு பொருளிலிருந்து திறனுக்கு நகர்கிறது.

இது கைவினைஞனுக்குக் கிடைத்த விடுதலை என்று மட்டும் வாசிக்கக்கூடாது. தங்க ரேக்கு, பார்ப்பவர் நகர்ந்தால் தானும் மாறும். மெழுகுவத்தி அசைந்தால் அசையும். எத்தனை பேர் நின்றாலும் அத்தனை பேருக்கும் வேறுவேறு மினுக்கம். நிறத்தால் வரைந்த தங்கம் அப்படியில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது, கண் எங்கே நிற்கிறது என்று ஓவியன் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டான். உலோகமில்லா உலோகம் பூசிய பொம்மையைத் திருப்பிப் பாருங்கள். ஒளி திரும்பாது, பிரமை கலைந்துவிடும். புகைப்படத்தில் மட்டும் அபாரமாக இருக்கும். ஒற்றைக் கண்ணுக்காக உலகத்தை நிறுத்திவைக்கிற பார்வை அது. அல்பெர்த்தி அதே நூலில்தான் ஒற்றைப்புள்ளித் தொலைநோக்கின் விதிகளையும் எழுதினார் என்பது தற்செயல் இல்லை.

அதற்காகத் துகள் பூச்சு ஜனநாயகம், மற்றது அதிகாரம் என்று கட்சி கட்டிவிட முடியுமா? முடியாது. துகளுக்கும் ஒரு கதை உண்டு.

7

மினுங்கும் பூச்சில் இருப்பது பொதுவாக அலுமினியத் துகள், அல்லது டைட்டானியம் ஆக்ஸைடு பூசிய மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்பார்கள். பொன்போல மினுங்கும், பொன் இல்லை. முன்பு சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பக்கத்துக் கூடூரிலும், அப்போதைய பீகாரின் கோடர்மா, கிரிடீ பகுதிகளிலும் இதைத் தோண்டினார்கள். 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் கோடர்மா பக்கம் சுரங்கங்கள் பல மூடின. வேலை நிற்கவில்லை, கணக்கிலிருந்து மறைந்தது. கைவிட்ட குழிகளில் குடும்பம் குடும்பமாகச் சில்லுப் பொறுக்கினார்கள், குழந்தைகளும் சேர்ந்து. 2016-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை நடத்திய விசாரணை, இரண்டே மாதத்தில் குறைந்தது ஏழு குழந்தைகள் அந்தக் குழிகளில் செத்துப்போனதையும், சாவுகள் மூடி மறைக்கப்பட்டதையும் வெளிக்கொண்டு வந்தது. மைக்காவை வாங்குகிற தொழில்கள் கூடி 2017-இல் பொறுப்பான கொள்முதலுக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்தின. அந்த மைக்கா போகிற இடங்களில் பெரியவை அழகுசாதனமும் கார்ப் பூச்சும் மின்சாதனமும். பொம்மைப் பூச்சு அதில் ஒரு துளி. ஆனாலும் மினுக்கம் என்ற ஒன்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் அந்தத் திசையில்தான் போகிறது. குள்ளர்கள் மலையைக் குடைந்து உலோகம் எடுப்பதாகக் கதை எழுதுகிற விளையாட்டுக்கு, நிஜமாகக் குடைகிற குட்டி உடம்புகளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

பொம்மையின் உடம்புக்கும் இதே கதைதான். பழைய பொம்மைகள் ஈயக்கலவை. 1993-இல் நியூயார்க் மாநிலத்தில் ஈயத் தடை வரும் என்ற நிலை உருவானபோது, 'ரால் பார்த்தா' கம்பெனி ஈயமில்லாத கலவைக்கு மாறியது. மற்றவர்களும் அந்தப் பத்தாண்டிலேயே மாறினார்கள். ஈயம் விஷம் என்பது வாங்குகிற குழந்தை தொட்டபோதுதான் சட்டத்தின் கண்ணுக்குப் பட்டது. வார்த்தவர்களும் வீட்டில் உட்கார்ந்து பூசியவர்களும் அதற்கு முன் எத்தனை தலைமுறை அதைத் தொட்டார்கள்?

பழைய ஈயப் பொம்மைகளை ஓக் மரப் பெட்டியில் அடைத்து வைத்தால், மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவியில் அவை வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். சேகரிப்பாளர்கள் அதை நோய் என்கிறார்கள். வேதியியலில் அது ஈயக் கார்பனேட். ஈயத்தை வினிகர் ஆவியில் வைத்துப் பண்டைக்காலத்திலிருந்து தயாரித்து வந்த ஈயவெள்ளையின் உறவு. தியோஃபிலஸ் சதைக்குக் கலக்கச் சொன்ன அதே வெள்ளை. சதைக்கும் உலோகத்துக்கும் நடுவே மரபு போட்டுவைத்த கோடு அந்தப் பெட்டிக்குள் தானாகவே அழிந்துவிடுகிறது.

கறுத்த தோலைப் பூச வெளுத்த தோலின் சூத்திரம் உதவாது என்று அறிந்துகொண்ட பூச்சுக்காரர், அந்தப் பாடத்தை விளையாட்டு மேசையோடு விட்டுவிட வேண்டியதில்லை. எந்தக் குப்பியைத் திறந்தாலும் கேட்க இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதில் பேர் எழுதியிருப்பது யாருடைய தோலுக்கு? இதற்குள் மினுங்குவது யாருடைய உழைப்பு? கேட்டதால் பொம்மை அழகு குறைந்துவிடாது. தூரிகை பிடிக்கிற கைக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும்.